23 இல்லாத கடைசி எண்: ராமானுஜன் அட்டவணையில் விடுபட்ட ஒன்று

போன மாசம் எங்க ஊர் வாட்ஸப் குழுவில் அந்தப் பழைய ஃபார்வர்டு மறுபடியும் வந்தது. நீங்களும் பார்த்திருப்பீங்க. "2520 ஒரு அதிசய எண். 1 முதல் 10 வரை எல்லா எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும் ஒரே எண். வாரத்துக்கு 7 நாள், மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 12 மாதம், பெருக்கினால் 2520. கண்டுபிடித்தவர் கணித மேதை ராமானுஜன்." கீழே கைகூப்பும் பொம்மைகள்.

இதில் சரியான தகவல் ஒன்றே ஒன்றுதான். 7, 30, 12 மூன்றையும் பெருக்கினால் 2520 வரும். மற்றபடி அது "ஒரே எண்" இல்லை. 5040ம் வகுபடும், 7560ம் வகுபடும், 2520இன் எந்த மடங்கும் வகுபடும். 1 முதல் 10 வரையான எண்களின் மீச்சிறு பொது மடங்கு அது, அவ்வளவுதான். ஏழாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கைக் கண்டுபிடிக்க ராமானுஜன் தேவையில்லை.

இதைக் குழுவில் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. 2520க்கும் ராமானுஜனுக்கும் நிஜமாகவே ஒரு தொடர்பு இருக்கு. ஃபார்வர்டு சொல்கிற தொடர்பு அல்ல, அதைவிட நல்லது. அதைத் தேடிப் போனதில் வேறொரு பெரிய எண்ணில் போய் முட்டிக்கொண்டேன்: 293318625600. நம்ம கணக்கில் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இந்தக் கட்டுரை அந்த எண்ணைப் பற்றியது. அதை வெளியே சொல்லாமல் ராமானுஜனைக் கொண்டாடும் நம் பழக்கத்தைப் பற்றியதும்தான்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஓர் எண்ணுக்கு, அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இருப்பதைவிட அதிகமான காரணிகள் இருந்தால் அது உயர் பகு எண். 12க்கு ஆறு காரணிகள் (1, 2, 3, 4, 6, 12). 12க்குக் கீழே எதற்கும் ஆறு கிடையாது. ஆக 12 உயர் பகு எண். அப்புறம் 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று போகும். இதெல்லாம் கேட்ட எண்களாக இருக்கே என்று தோன்றினால், ஆமாம். பங்கு போடச் சுலபமான எண்களைத்தான் மனுஷன் எங்கேயும் பிடித்து வைத்திருக்கிறான். மணிக்கு 60 நிமிஷம், வட்டத்துக்கு 360 பாகை. காஞ்சிபுரத்துத் தறியில் ஏறுகிற ஜக்கார்டு பெட்டிகூட 120 கொக்கி, 240 கொக்கி என்றுதான் பேச்சு. புட்டாவை இரண்டாய், மூன்றாய், ஐந்தாய்ப் பகிர 240 எப்படியும் கைகொடுக்கும். அதற்கு 20 காரணிகள்.

2520ம் இந்த வரிசையில் வரும் ஓர் உயர் பகு எண். 48 காரணிகள். ராமானுஜன் 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கைகள் இதழில் (14ஆம் தொகுதி, பக்கம் 347 முதல் 409 வரை) இந்த எண்களைப் பற்றி நீண்ட ஆய்வுக்கட்டுரை ஒன்றை எழுதினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சிக்கான பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்த வேலைக்குத்தான். அவர் 2520ஐக் "கண்டுபிடிக்கவில்லை". 2520 ஏன் அங்கே வந்து நிற்கிறது, அடுத்தது எங்கே நிற்கும், அந்த எண்களின் உடம்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கும் என்பதைச் சொன்னார். ஃபார்வர்டு எழுதினவருக்கு இந்த வித்தியாசம் முக்கியமாகப் படவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

அந்த உடம்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஓர் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும். 2520 = 2³ × 3² × 5 × 7. அடுக்குகள் 3, 2, 1, 1. ஆக 4 × 3 × 2 × 2 = 48. இதை வைத்து யோசித்தால் ஒன்று உடனே புரியும்: சின்ன பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு, பெரிய பகா எண்ணுக்குச் சின்ன அடுக்கு. படிக்கட்டு மாதிரி இறங்க வேண்டும், நடுவில் ஏறக்கூடாது, ஒரு பகா எண்ணையும் தாண்டிப் போகக்கூடாது. இது சுலபம். ராமானுஜன் இதற்கு மேலே போய், கடைசிப் படி எப்போதும் 1 ஆகத்தான் இருக்கும், 4, 36 இரண்டு மட்டும் விதிவிலக்கு என்று நிறுவினார். ஒவ்வொரு படியின் உயரமும் எந்த எல்லைக்குள் இருக்கும் என்றும் அளந்தார். 1729ஐ இதோடு ஒப்பிட்டால் தமாஷாக இருக்கும். டாக்ஸி எண் என்று நாம் கொண்டாடுகிற 1729 = 7 × 13 × 19. எட்டே எட்டுக் காரணிகள். அதற்குச் சற்று முன்னால் நிற்கும் 1680க்கு நாற்பது.

கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கு. 2இல் தொடங்கி 6746328388800 வரை 102 உயர் பகு எண்கள். கணினி இல்லை, கால்குலேட்டர் இல்லை, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. சாப்பாடு ஒத்துக்கொள்ளாத ஊரில் உட்கார்ந்து ஒரு மனுஷன் கையால் போட்டது.

நான் பொழுதுபோகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். இருபது வரிகூட இல்லை. அடுக்குகள் இறங்குவரிசையில் இருக்கிற எண்களை மட்டும் உண்டாக்கினால் போதும். முதல் பதினொரு பகா எண்களுக்கு மேல் தேவையே இல்லை, ஏனென்றால் பன்னிரண்டாவதான 37ஐச் சேர்த்துப் பெருக்கினாலே 7420738134810 ஆகி எல்லையைத் தாண்டிவிடும். வரிசைப்படுத்தி, முன்னதைவிட அதிகக் காரணி உள்ளதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எண்டர் தட்டி விரலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. 2இல் தொடங்கி எண்ணினால் 103.

ராமானுஜனுக்கு 102. எனக்கு 103.

இருபது வருஷமா இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு முதலில் வருகிற சந்தேகம் தன் கோடு மேல்தான் வரும். ஒரு மணி நேரம் என் பக்-ஐத் தேடினேன். எல்லைக் குறியைச் சரிபார்த்தேன், வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். திரும்பத் திரும்ப 103தான். கடைசியில் இரண்டு பட்டியலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், 90ஆவது இடத்தில் 293318625600 என்று ஒன்று எனக்கு இருக்கு, அவருக்கு இல்லை. அதற்கப்புறம்தான் தேடிப் பார்த்தேன். கணிதக்காரர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த விஷயமாம். இணையக் கணித அகராதியில் உயர் பகு எண் பற்றிய பக்கத்திலேயே ஒரு வரியில் போட்டிருக்கிறார்கள். நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் தமிழில் ராமானுஜனைப் பற்றி நான் இத்தனை வருஷம் படித்த எதிலும் இந்த வரி என் கண்ணில் படவில்லை.

இதைக் குழுவில் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது. "பெரிய ஆளு ஆயிட்டீங்க, ராமானுஜனுக்கே தப்பு கண்டுபிடிக்கிறீங்க" என்று ஒருவர். "நாமகிரித் தாயார் கனவில் சொன்ன கணக்கில் தப்பு வருமா" என்று இன்னொருவர். எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த வாத்தியார், ஓய்வு பெற்று ரொம்ப நாளாச்சு, அவர் மட்டும் தனியாகப் போன் பண்ணினார்.

"தம்பி, அவர் தப்பே பண்ண மாட்டார்னு நான் சொல்லல. ஆனா மிஷின் சொல்லிச்சுன்னு நீ சொல்றது கணக்கு இல்ல. கையால காட்டு."

நியாயமான பேச்சு. ஒருநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் காட்டினேன். மிஷினே வேண்டியதில்லை. ராமானுஜன் அட்டவணையில் அடுத்தடுத்து வரும் இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

240940299600 = 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. காரணிகள் 5 × 5 × 3 × 64 = 4800.

321253732800 = 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. காரணிகள் 7 × 4 × 3 × 64 = 5376.

அட்டவணை சரியென்றால் இந்த இரண்டுக்கும் நடுவில் 4800க்கு மேல் காரணி உள்ள எண் எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால், குறைந்தது ஒரு வரியாவது விட்டுப் போச்சு என்று அர்த்தம். இப்போது நம்ம ஆள்:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. காரணிகள் 7 × 5 × 3 × 3 × 16 = 5040.

நடுவில்தான் இருக்கு. 5040 என்பது 4800ஐவிடப் பெரிது. முடிந்தது. வாத்தியார் பெருக்கலை இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சரிதான்டா" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "எப்படி விட்டிருப்பார்?" என்று கேட்டார். குழுவில் யாரும் கேட்காத கேள்வி இதுதான்.

எப்படி விட்டிருப்பார் என்பதற்கு என்னிடம் இருப்பது ஊகம். ஆனால் எண்களே ஒரு தடயம் வைத்திருக்கின்றன. அட்டவணையில் 23 என்ற பகா எண் முதன்முதலாக நுழைவது 64250746560 என்ற இடத்தில். நுழைந்ததும் அது நிலையாக உட்கார்ந்துவிடவில்லை. அடுத்த எண்ணான 73329656400இல் 23 இல்லை. அதற்கடுத்த 80313433200இல் உண்டு. 97772875200இல் இல்லை. 128501493120இல் உண்டு. 146659312800இல் இல்லை. 160626866400இல் உண்டு. இப்படி உண்டு, இல்லை, உண்டு, இல்லை என்று கண்ணாமூச்சி. 7ஐ இரட்டிப்பாக்கி 23ஐத் தள்ளிவைப்பது ஒரு கட்சி, 7ஐ ஒற்றையாக விட்டு 23ஐச் சேர்ப்பது இன்னொரு கட்சி. இரண்டும் மாறி மாறி ஜெயிக்கின்றன. பிறகு 160626866400ஐத் தொடர்ந்து வருகிற 240940299600இலும் 23 உண்டு. இரண்டு தடவை அடுத்தடுத்து "உண்டு". கையால் தேடுகிற எவருக்கும் இங்கே "சரி, 23 ஜெயித்தாச்சு, இனி எல்லாவற்றிலும் 23 இருக்கும்" என்று தோன்றலாம். 23 இல்லாத கட்சி கடைசியாக ஒரே ஒரு முறை தலை தூக்குகிறது. அந்த ஒரு முறைதான் 293318625600. அதற்கப்புறம் அட்டவணை முடிகிறவரை 23 இல்லாத எண் கிடையாது.

ஆக விட்டுப்போனது ஏதோ ஓர் எண் இல்லை. 23 இல்லாத கடைசி எண். அதிலிருந்து 3ஐயும் 7ஐயும் ஒவ்வொன்று உருவிவிட்டு 23ஐ வைத்தால் அடுத்த எண் வந்துவிடும். 21க்குப் பதில் 23, அவ்வளவு நெருக்கம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இது எங்கேயும் படித்ததல்ல, பெருக்கிப் பார்த்தபோது வந்தது. விட்டுப்போன எண்ணை 23ஆல் பெருக்கினால் 6746328388800. அட்டவணையின் கடைசி எண்! ராமானுஜன் கடைசி வரியில் 10080 காரணிகள் என்று எழுதி முடித்த எண்ணுக்குள்ளேயே, 23ஐ மட்டும் போர்த்திக்கொண்டு, அவர் விட்ட எண் உட்கார்ந்திருக்கிறது. வாத்தியாரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பை எழுதத் தெரியவில்லை.

எண்ணின் மற்ற குணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1 முதல் 22 வரை எல்லாவற்றாலும் வகுபடும், 23இல் தட்டும். 1 முதல் 22 வரையான மீச்சிறு பொது மடங்கு 232792560. நம்ம எண் அதைப்போல் சரியாக 1260 மடங்கு, 1260ம் ஓர் உயர் பகு எண். காரணிகளின் எண்ணிக்கையான 5040உம் ஓர் உயர் பகு எண். 5040க்கு வேறொரு பெருமையும் உண்டு. காரணிகளை எண்ணாமல் கூட்டினால் அந்தக் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகப் போக முடியும் என்பதற்கு 1984இல் கை ரோபின் ஒரு வரம்பு கொடுத்தார். 5040க்கு மேற்பட்ட எந்த எண்ணும் அந்த வரம்பைத் தொடாது என்பதும், ரீமான் கருதுகோள் உண்மை என்பதும் ஒன்றுக்கொன்று சமம் என்று காட்டினார். வாட்ஸப்பில் அதிசய எண் வேண்டுமென்றால் இதை அனுப்பலாம். யாரும் அனுப்ப மாட்டார்கள்.

இங்கேதான் என் விமர்சனம் வருகிறது. போர்க்காலத்தில் கழகத்துக்குப் பணக் கஷ்டம். அதனால் ராமானுஜன் எழுதிய முழுக் கட்டுரையும் அன்றைக்கு அச்சாகவில்லை. மிச்சப் பகுதி 1988இல் நரோசா வெளியிட்ட 'தொலைந்த நோட்டுப்புத்தக'த் தொகுப்பில் கையெழுத்தாகவே வந்தது. 1997இல் ராமானுஜன் ஜர்னல் முதல் தொகுதியில் ழான் லூயி நிக்கோலாவும் அதே ரோபினும் குறிப்புகளோடு பதிப்பித்தார்கள். அந்த மிச்சத்தில் அவர், ரீமான் கருதுகோளை வைத்துக்கொண்டு, ரோபின் பின்னாளில் தொட்ட இடத்தை எழுபது ஆண்டு முன்னாலேயே தொட்டிருக்கிறார். அது ஒரு பக்கம். அதே கட்டுரையின் அட்டவணையில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அது இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மனுஷன் எப்படி வேலை செய்தார் என்று தெரிகிறது. அடுத்தடுத்த உயர் பகு எண்களைக் கண்டுபிடிக்கச் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தனக்குத் தெரியாது என்று அவரே கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார். தேற்றங்கள் தேடும் இடத்தைக் குறுக்கிக் கொடுக்கும். மிச்சம் உட்கார்ந்து பெருக்குவதுதான். துறைமுகக் கழகத்துக் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவரின் கை வேலை அது.

தமிழில் நாம் எழுதுகிற ராமானுஜனுக்கு அந்தக் கை கிடையாது. கனவு உண்டு, தாயார் உண்டு, டாக்ஸி உண்டு, வறுமை உண்டு, வெள்ளைக்காரன் வியந்தது உண்டு. பெருக்கல் கிடையாது. அதனால்தான் "தப்பு" என்ற ஒரு வார்த்தை சொன்னால் சாமி குத்தம் ஆகிவிடுகிறது. பக்தியை நான் குறை சொல்லவில்லை, அவரே பக்திமான். ஆனால் கனவில் வந்த கணக்கில் வரி விட்டுப்போகாது. ஒரு வரி விட்டுப்போயிருக்கு என்பதுதான் மற்ற 102 வரிகளும் உழைப்பு என்பதற்குச் சாட்சி. அந்த வரியை மறைத்தால் உழைப்பும் சேர்ந்து மறைந்துபோகும்.

திருமுக்கூடலில் இருந்துகொண்டு இதை எழுதுவதால் ஒன்று சொல்கிறேன். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் கரையில் எங்க அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். உள்ளே வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு. பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலை, வைத்தியர், மருந்து வகைகள், பள்ளி மாணவர்களின் சாப்பாடு, யாருக்கு எவ்வளவு நெல் என்று பக்கம் பக்கமாகக் கணக்கு. கலம், தூணி, பதக்கு, குறுணி, நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம், ஆகக் கலத்துக்கு 96 நாழி. 2ஆலும் 3ஆலும் பகுக்கத் தோதான அளவு. கே. வி. சுப்பிரமணிய ஐயர் அதை எபிகிராஃபியா இண்டிகா 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். கல்வெட்டுப் பதிப்பு படித்துப் பழகியவர்களுக்குத் தெரியும்: கல்தச்சன் ஓர் எழுத்தை விட்டிருந்தால் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் சொல்லிவிடுவார். "இப்படி வெட்டியிருக்கிறது, இப்படிப் படிக்கவும்." அதனால் சோழனுக்கும் அவமானம் இல்லை, தச்சனுக்கும் இல்லை. கல்லுக்குக் கொடுக்கிற அந்த மரியாதையைத்தான் 1915ஆம் வருஷத்துத் தாளுக்கும் கேட்கிறேன். சின்ன வயதில் கொஞ்ச காலம் காஞ்சிபுரத்தில் தாத்தா வீட்டில் இருந்தவர் அவர். பஸ்ஸில் போகிற தூரம்தான்.

வாத்தியார் அந்தக் கல்யாணப் பத்திரிகையைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார். கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. யாரும் பதிலும் போடவில்லை. மூன்றாம் நாள் 2520 மறுபடியும் வந்தது.

நான் ஸ்கிரிப்ட்டின் எல்லையைத் தூக்கிவிட்டு, அட்டவணைக்கு அப்பால் அடுத்த பகா எண்ணான 29 எங்கே நுழைகிறது என்று பார்த்தேன். 9316358251200இல் நுழைகிறது. அதற்கடுத்த 13492656777600இல் இல்லை. 18632716502400இல் உண்டு. 26985313555200இல் இல்லை. அதே கண்ணாமூச்சி. 29 இல்லாத கடைசி எண் எது என்று வாத்தியாருக்குச் சொல்லவில்லை. அவர் கையால் போட்டுக்கொண்டிருக்கிறார்.